நாற்பத்தேழு ஹெர்ட்ஸ்

ஏர்கானை நிறுத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன்.
குளிர்பெட்டியின் பிளக்கையும் பிடுங்கிவிட்டேன்.
ஈசூன், பதினொன்றாம் மாடி.
கீழே மேம்பாலத்தில் எம்ஆர்டி கடந்து முடியும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நாற்காலியில் நான் இல்லை.
என் தலை இருக்கவேண்டிய உயரத்தில்
சுல்ஃபிகர் கடன் தந்த மைக்,
பென்சில் கனத்தில், கூரையைப் பார்த்தபடி.
அதன் எண்ணுக்கென்றே ஒரு கோப்பு உண்டு:
எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பொய் சொல்லும் என்று
பிறந்தன்றே கணித்துக் கொடுத்த ஜாதகம்.

பொத்தானை அழுத்தினேன்.
இருபது ஹெர்ட்ஸில் ஒரு முனகல் எழுந்து
வயிற்றில் ஏறி, நெஞ்சில் ஏறி, பல் கூசி,
கடைசியில் வௌவால்களிடம் போய்ச் சேர்ந்தது.
திரை சொன்னது: சிக்னல் இல்லை.

அடுத்த புளோக்கில் நாய்கூடக் குரைத்தது.
கருவிக்குத்தான் கேட்கவில்லை.

கேபிளை மாற்றினேன். மாற்றிய கேபிளை
மறுபடி மாற்றினேன்.
மடிக்கணினி என்னைக் கேட்காமல்
தன் ஊசித்துளை மைக்கையே தேர்ந்து வைத்திருந்தது;
திருத்தினேன்.
சிவப்புப் பெட்டி நாற்பத்தெட்டாயிரம் என்றது,
மென்பொருள் நாற்பத்து நாலாயிரத்து நூறு என்றது.
கல்யாணத் தரகன்போல் இடையில் உட்கார்ந்து
ஒரே தொகைக்குக் கொண்டுவந்தேன்.

பெட்டியே பழுதோ?
அதன் வாயிலிருந்து அதன் காதுக்கு
ஒரு குட்டைக் கேபிள் போட்டுவிட்டு
மேகி கிண்டப் போனேன்.

திரும்பி வந்து அழுத்தியபோது
வந்ததே ஒரு கோடு!
இருபதிலிருந்து இருபதாயிரம் வரை
இஸ்திரி போட்ட வேட்டி விளிம்பு.
மேடில்லை, பள்ளமில்லை.
எண்ணூறு வெள்ளி நுரைப்பலகைக்கு
இந்த அறை நன்றி சொல்கிறது என்று நம்பி
படமெடுத்து சுல்ஃபிகருக்கு அனுப்பினேன்.

பதில் ஒரே வரி:
கேபிளை எடு ப்ரோ,
உன் பெட்டி தன்னையே கேட்டுக்கிட்டிருக்கு.

எடுத்தேன்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தான்.
அழுத்தவேயில்லை.
மூன்று மணி நேரம் மைக்கைப் பட்டினி போட்டுவிட்டு
பேச்சில்லையே என்று திட்டியிருக்கிறேன்.

உண்மையான கோடு அசிங்கமாக இருந்தது.
ரம்பப் பல். அதற்கும் முன்னால்,
நாற்பத்தேழு ஹெர்ட்ஸில் ஒரு கிணறு.
அறையின் நீளம் மூன்று மீட்டர் அறுபது.
அந்த அலையின் பாதி அதற்குள் அச்சாய்ப் பொருந்தும்;
சுவரோரம் முழங்கும், நடுவில் செத்துப்போகும்.
நடுவில்தான் என் நாற்காலி.

ஆறு மாதமாய் இல்லாத பாஸை
ஏற்றி ஏற்றிக் கலந்திருக்கிறேன்.
மைத்துனன் காரில் என் பாட்டுக்கு
கதவுக் கண்ணாடி நடுங்கியதன் காரணம்
இந்த ஒன்றரையடிக் குழி.

பத்தே முக்காலுக்குக் கதவு தட்டப்பட்டது.
மாடி வீட்டு மிஸ்டர் கோ, பனியனும் அரைக்கால் சட்டையும்.
என்ன சைரன் லா இது?
மன்னிப்புக் கேட்டேன். அப்படியே கேட்டுவிட்டேன்,
ராத்திரி உங்கள் வீட்டில் கோலிகுண்டு உருட்டுவது யார் என்று.
எனக்கு மேலேயும் உருளுதே, என்றார்.
அவர் பன்னிரண்டாம் மாடி.
மேலே தண்ணீர்த் தொட்டி மட்டும்தான்.

இருவரும் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தோம்.

பிறகு அவர் திரையைக் காட்டச் சொன்னார்.
சத்தத்தைக் குறைத்து ஒரே ஒரு தடவை ஓட்டினேன்.
அலமாரிப் பக்கம் கைகட்டி நின்றார்,
எக்ஸ்ரே எடுப்பவர்போல் மூச்சடக்கி.
கிணறு அப்படியே இருந்தது.
இரண்டாயிரத்துக்கு மேலே மட்டும்
ரம்பப் பற்கள் சற்று மழுங்கியிருந்தன.
அது நீங்கள், என்று விரலால் தொட்டுக் காட்டினேன்.
நல்லதா கெட்டதா என்றார்.
தெரியவில்லை என்றேன்.

அவர் போனபின் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தேன்.
கோப்புக்குப் பெயர் கேட்டது மென்பொருள்.
'கோ நின்றபோது' என்று தட்டினேன்.

காலையில் அடுக்களைத் தரையெல்லாம் தண்ணீர்.
குளிர்பெட்டியில் ஒரு கிலோ இறால்.