இருநூறு எழுத்துக்குள்

சேப்பாக்கத்தில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் பழுது என்று ஒட்டிய தாளே
மூன்று மாதப் பழசு.
மாங்காடு, மீஞ்சூர், திருமழிசை, நாரவாரிக்குப்பம் என்று
அறுபத்திரண்டு பேர் மூச்சிரைக்க ஏறினோம்.
ஆளுக்கொரு ஃபைல், நீலப் பேனா.
புதிய கொள்முதல் விதிகளுக்கு
உள்ளாட்சிகளைத் தயார்ப்படுத்தல் என்று பேனர்.
கடைசிச் சொல் தூணில் மடிந்து
தயார் மட்டும் தெரிந்தது.

இனிப் பெட்டி இல்லை என்றார் கிறிஸ்டோதாஸ்.
எங்கள் பயிற்றுநர், சின்ன வயசு.
உறை இல்லை, அரக்கு இல்லை,
மூன்று மணிக்குப் பூட்டைத் திறக்க
சாட்சிக் கையெழுத்து இல்லை.

பெட்டிக்காக நான் வருத்தப்படவில்லை.
அதைச் சுற்றி நின்றவர்களை எனக்குத் தெரியும்.
வராந்தாவில் பல் குத்தியபடி
யார் உள்ளே போகலாம் என்று முடிவு செய்தவர்கள்.
பெட்டிக்கு ஒரு வாய் உண்டு, பேசாது.
பக்கத்து மேசையில் நான்.

பதினோரு மணிக்கு டீ, சமோசா,
நோட்டீஸில் எண்ணெய் வட்டம்.
திருமழிசைக்காரர் எழுந்தார்:
"சார், முன்தேதி போட வழி இருக்கா?"
ஹாலே சிரித்தது.
எல்லோர் கேள்வியையும் ஒருவர் கேட்டுவிட்ட சிரிப்பு.
"நொடி வரைக்கும் பதியும் சார்."
அப்புறம் ஏசி சத்தம் மட்டும்.

பத்தொன்பது வருஷம்
திங்கட்கிழமையை வெள்ளிக்கிழமை ஆக்கியவள் நான்.
பெரிய வித்தை ஒன்றுமில்லை.
தபால் பதிவேட்டில் ஒவ்வொரு நாளின் கீழும்
இரண்டு வரி காலியாக விட வேண்டும்.
அவ்வளவுதான்.

மதியம் செய்முறை.
துடைப்பம் ஐந்நூறு, பிளீச்சிங் பவுடர் நாற்பது மூட்டை.
அ நிறுவனம், ஆ நிறுவனம், இ நிறுவனம்.
குறைந்த விலை இ.
அதைத் தள்ளிவிட்டு அ-வை எடுக்கலாம், தடையில்லை,
காரணம் எழுத வேண்டும்,
இருநூறு எழுத்துக்குள்.
வெள்ளைக் கட்டத்தில் கர்சர் துடித்தது,
பில்லுக்குக் காத்திருப்பவர்
பெஞ்சில் காலாட்டுவது போல.

அத்திப்பட்டு ஏகவல்லி.
தென்னந்துடைப்பம், சரியான எடை, குறைந்த விலை.
மூன்று தடவை ஒப்பந்தப்புள்ளி போட்டாள்.
மூன்று தடவையும்
"அடுத்த வாட்டி பாக்கலாம்மா" என்றது என் வாய்.
கோப்பில் ஏற்கப்படவில்லை என்று ஒரு சொல்,
கீழே சுருக்கொப்பம், அதுவும் நான்.
நான்காம் தடவை படி வரை வந்தவள்
வராந்தாவைப் பார்த்தாள்,
உறையோடு திரும்பிப் போனாள்.
உள்ளே ஐயாயிரத்துக்கு டிடி இருந்திருக்கும்.

டிஜிட்டல் கையொப்பத்துக்கு
இரண்டாயிரம் ஆகுமாம்.
அவளால் கட்ட முடியுமா,
யார் சொல்லித் தருவார்கள்?
கேட்க எழுந்தேன். உட்கார்ந்தேன்.

கட்டம் இன்னும் காலி.
போன் வந்தது
என்று அடித்தேன்.
சமர்ப்பி.
பச்சை டிக்.
காரணம் பதிவு செய்யப்பட்டது, நன்றி.
ந. கோமளேஸ்வரி, 14:52:07.
எழுதாத இடம்
இன்னும் நிறைய மீதி இருந்தது.

தோளுக்குப் பின்னால் நின்று
கிறிஸ்டோதாஸ் அதைப் படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அழிக்க முடியாது மேடம். பரவால்ல,
பயிற்சிப் பதிவுதானே,
வெள்ளிக்கிழமை தானா போயிடும்."

சான்றிதழில் என் பெயருக்கு ஓர் எழுத்துக் குறைவு.
வாங்கிக்கொண்டேன்.
பறக்கும் ரயிலில் கடற்கரை,
அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டி.
ஜன்னலில் மழை.

இன்று திங்கள்.
வெள்ளிக்கு
இன்னும் முழுசாக நாலு நாள் இருக்கிறது.