ஆறுக்கு மூன்று

லாங்னாவ் தபால் நிலையத்துக்கு
மாநில நிதியில் வந்தவை ஆறு வண்டிகள்.
முட்டைக்கரு மஞ்சள். புகைக்குழாய் கிடையாது.
கையொப்பம் போட்டவர்கள்
வண்டிகளை எண்ணினார்கள், சுவரை எண்ணவில்லை.
சுவரில் மூன்று சார்ஜர்.
நான்காவதைப் பூட்டினால்
தெருமுனை மின்மாற்றி தாங்காதாம்.
அதற்கு வேறு நிதி,
வேறு படிவம், வேறு மேசை.

அன்றிலிருந்து காலை ஐந்தே கால் என்றால்
எங்களுக்குக் குழாயடிச் சண்டை.
"நேற்றும் நீதான்" என்கிறாள் ரெகுலா.
தன் பாதைதான் செங்குத்து என்று
ஊர்ஸ் கையைச் சாய்த்துக் காட்டுகிறான்.
நான் பேசாமல் வயரைப் பிடுங்கி
என் வண்டியின் விலாவில் செருகுகிறேன்.
குடிக்கிற சத்தம்கூட இல்லை அதற்கு.

சத்தமின்மைக்கும் பழக வேண்டியிருக்கிறது.
ஹின்டர்மோஸ் பண்ணை நாய்
டீசல் காலத்தில்
நாலு வளைவுக்கு முன்பே குரைக்கும்.
இப்போது நான் பெட்டிக்குள் கடிதம் போடும்போதுதான்
திடுக்கிட்டு எழும்பி
வேறெங்கோ பார்ப்பதுபோல் பார்க்கிறது.

சனவரியில் மைனஸ் பதினொன்று.
ஹீட்டரா, கடைசி எட்டு வீடுகளா?
கையுறையோடு ஓட்டுகிறேன்.
இறக்கத்தில் மலை
கொஞ்சம் சில்லறை திருப்பித் தருகிறது:
இரண்டு விழுக்காடு.
எண்ணி வாங்கிக்கொள்கிறேன்.

மாசி மாதத்துச் செவ்வாய் ஒன்றில்
எனக்கு வயர் கிடைக்கவில்லை.
விற்க மறந்துபோன பழைய டீசலை
மூன்று தரம் இருமவைத்துக் கிளப்பினேன்.
கட்டில் மேலாக ஒரு பதிவுத் தபால்,
மாநில முத்திரை, நகரசபைக்கு.
மறுப்பு என்றால் ஒற்றைத் தாள்.
பத்து வருசக் கைக்குத் தெரியும்,
இது தடிமன்.

வாசலில் எஞ்சினை அணைக்கவில்லை.
குளிரில் அணைத்தால் பிறகு எழும்பாது.
வ்யூத்ரிஹ் அம்மையார் கையெழுத்து வைத்து,
கத்தியால் கீறி,
நின்றபடியே வாசித்தார்.
"உங்களுடைய மின்மாற்றி. கிடைத்துவிட்டது."
பிறகு கண்ணாடியை இறக்கி,
"வேலை தொடங்குவது ஐப்பசியில்" என்றார்.
ஐப்பசி என்று அவர் சொல்லவில்லை,
நான்தான் விரல்விட்டு எண்ணினேன்.

வெளியே வெண்பனியின்மேல்
ஒரு முழம் கறுப்பு.
ஏறி உட்கார்ந்தேன்.
ஹீட்டர் முழு வேகத்தில்,
யாரிடமும் கணக்குச் சொல்லாமல்.

முதல் வளைவு திரும்பவில்லை,
மேலே அது குரைக்கத் தொடங்கிவிட்டது.
வால் இங்கிருந்து தெரியாது.
ஆட்டும்.