கோசுத் தோட்டத்துக் கணக்கு

ஹொஸ்கோட்டே தாண்டி, தரையிலிருந்து ஆயிரத்து நானூறு அடியில்
எஞ்சின் ஒருமுறை இருமியது.
கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.
இரண்டாம் இருமலில்
இருக்கைக்கு அடியில் எப்போதும் கடகடக்கும் தகடு
நின்றுபோனது.
ஏழு மாதமாகத் தேடியும்
எந்தத் தகடென்று பிடிபடாத சத்தம் அது,
எனக்கும் அருள்பிரகாசத்துக்கும்.

முன்னால் விசிறி நின்றிருந்தது.
பறக்கையில் அதை முழுதாகப் பார்த்தது அன்றுதான்:
மரம், வார்னிஷ், நுனியில் நான் அடித்த மஞ்சள்,
மஞ்சளில் சிக்கிய ஒரு தூரிகை மயிர்.

கை பின்னால் இழுக்கத்தான் துடிக்கும்.
தள்ளு. மூக்கைத் தரைக்குக் காட்டு.
முள் தொண்ணூறில் நிற்கட்டும்.
அதற்குக் கீழே போனால் இது விமானமில்லை,
காக்ஸ் டவுன் ஷெட்டு வாசலில்
பழைய இரும்புக்காரர் கிலோவுக்கு விலை கேட்ட அலுமினியம்.

நெடுஞ்சாலை முழுக்க லாரி.
ஏரி பச்சைப்பசேலென்று தரைபோலக் கிடந்தது;
ஆகாயத்தாமரையை நம்பி இறங்க நான் கொக்கில்லை.
புது லேஅவுட்டில் வீடே இல்லை, ஆனால்
வரிசை வரிசையாகக் கம்பங்கள்.
கம்பி தெரியாது. கம்பத்தைத்தான் பார்க்கவேண்டும்.
அதற்கப்பால் நீலம் கலந்த பச்சையில்
ஒரு கோசுத் தோட்டம், பாத்தி எனக்கு நேராக.

பெட்ரோலை மூடினேன். சாவியைத் திருப்பினேன்.
கதவைத் திறந்து, மோதியபின் இறுகிவிடாதிருக்க
இடது செருப்பைச் சந்தில் செருகினேன்.
அப்போது ஒரு நாய் குரைத்தது.
முந்நூறு அடியில் நாய் குரைப்பது கேட்கும் என்று
எந்தக் கையேட்டிலும் இல்லை.
என்னைப் பார்த்துத்தான் குரைத்தது.

முதல் கோசு தனியாகக் கேட்டது.
பிறகு எல்லாம் ஒன்றாக.
முன்சக்கரம் எங்கோ போனது,
மண் கண்ணாடிக்கு வந்தது.

சிக்கதாயம்மா அரிவாளோடு ஓடிவந்தார்.
உள்ளே எட்டிப் பார்த்து "ஒப்பளேனா?" என்றார்.
ஒருத்திதான்.
கொக்கியைத் தட்டினால் போதும் என்று நான் சொல்வதற்குள்
வார்ப்பட்டையை அறுத்துவிட்டார்.
தண்ணீர் கொடுத்தார்.
நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து
எண்ண ஆரம்பித்தார்.

இருநூற்றுப் பதினாலு.
தலைக்கு இருபது ரூபாய்.
சந்தையில் கிலோ நாலுக்கே கேட்பாரில்லையே என்றேன்,
என் கன்னடம் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.
நடந்து வந்து வாங்கினால் நாலு என்றார்.
பதினைந்துக்குத் தீர்ந்தது. இடுப்பிலிருந்து போனை எடுத்து
ஸ்கேன் செய் என்று நீட்டினார்.
பணம் வந்துவிட்டதை அது சொன்னபிறகுதான்
செருப்பைத் தேடித் தந்தார்.

அருள்பிரகாசம் வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.
பேசாமல் வடிகட்டியைக் கழற்றி
ஒரு கோசு இலைமேல் தட்டினான்.
நகத்துண்டு அளவில் பசை. டாங்கியின் பசை.
புனித வெள்ளிக்கு முந்தைய ராத்திரி பூசியது,
காய இரண்டு நாள் விடவேண்டியதை
விடியும்வரை விட்டது.
பதிவேட்டில் இருக்கிறது:
ஒட்டியது, ரெ.
பார்த்தது, அ.பி.
அவன் அன்றைக்கு ஷெட்டுக்கே வரவில்லை.

துண்டைத் தீப்பெட்டியில் போட்டு மூடினான்.
"காசு குடுத்தாச்சு, இல்ல?" என்றவன்
நசுங்காத கோசுகளாகப் பார்த்து
டிக்கியில் ஏற்ற ஆரம்பித்தான்.

மூன்று நாளாக எங்கள் தெரு முழுக்கக் கோசுப் பொரியல் வாசம்.
டாங்கி ஷெட்டில் மல்லாந்து காய்கிறது.
ரெண்டு நாளாயிருச்சு என்கிறான்.
இன்னும் ஒருநாள் என்கிறேன்.
சரி என்கிறான், பேனாவைக் காதில் செருகியபடி.

தகட்டைக் கண்டுபிடித்துவிட்டோம்.
இருக்கைக்குக் கீழே, மூன்றாவது ரிவெட்.
அதை இறுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.