நூறு மீட்டர் கோடு

விடியுமுன் சுண்ணாம்புப் பொடி தூவிக்
கோடு போட்டுவிட்டுப் போனான் மாநகராட்சி ஆள்.
சிந்தாதிரிப்பேட்டைப் பள்ளி வாசலிலிருந்து
அளந்து நூறு மீட்டர்.
டீக்கடையின் பெஞ்சு பாதி உள்ளே, பாதி வெளியே.

வாக்குச்சாவடியில் எனக்கு மை வைக்கிற வேலை.
முதுகலையில் படித்தது செப்பேடு.
எழும்பூர் அருங்காட்சியகத்தில்
கண்ணாடியில் மூச்சுப் படியக் குனிந்து
இரண்டு மாதம் ஒரே சொல்லை எண்ணிக்கொண்டிருந்தேன்:
பெறாது.

கொடுத்த ஊருக்குள் அரசன் ஆள் புகப் பெறாது.
செக்குக்கும் தறிக்கும் இறை கொள்ளப் பெறாது.
நான்முகனில் தொடங்கி அவன் குலம் முழுக்கப் பாடிவிட்டு
அடியில் இப்படி ஒரு சின்ன எதிர்மறை.
ராஜாவின் கருணை என்றார் பேராசிரியர்.
கேட்காமல் யார் தன் காலைத் தானே கட்டிக்கொள்வான்?
யாரோ கேட்டிருக்கிறார்கள்.
அவர்கள் பெயர் தகட்டில் இல்லை.

பத்தேமுக்காலுக்குக் கொடி கட்டிய கார்.
வட்டச் செயலாளர் பாண்டுரங்கன் இறங்கினார்,
பின்னால் வெள்ளை வேட்டிகள் எட்டு.
கோட்டின்மேல் நின்றாள் கான்ஸ்டபிள் இசக்கியம்மாள்,
வேலைக்கு வந்து ஐந்து மாதம்.
"துண்டைக் கழட்டிட்டு வாங்க சார். ஓட்டு இருந்தா."
அவள் குரல் நடுங்கியது. கோடு நடுங்கவில்லை.
துண்டு மடிந்து கார் சீட்டுக்குப் போனது.
என் தகட்டுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது,
ஒரு மணி நேரத்துக்கு.

அப்புறம் அஞ்சலாட்சி வந்தாள்.
கூவம் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டவள்.
இரண்டு பஸ் மாறி, கையில் பழைய அட்டை.
பட்டியலில் அவள் முகத்தின்மேல் நீக்கம் என்ற முத்திரை.
அங்கே கேட்டால் இங்கே போ என்றார்களாம்.

குடத்தில் ஓலை போட்ட சபைகளை நினைத்தேன்.
கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழாது,
அவன் மச்சான் பெயரும் விழாது. நல்ல சட்டம்தான்.
சொந்த மனையில் வீடில்லாதவன் பெயரும் விழாது.
வாடகை வீட்டுக்காரி எனக்கு
ஓலையே நறுக்கியிருக்க மாட்டார்கள்.
அதே சொல். பெறாது.
யார் பக்கம் பார்த்துச் சொல்கிறோம் என்பதுதான்.

"சட்டப்படி முடியாதும்மா" என்றேன்.
அவள் போகவில்லை.
"நான் வந்தேன்னு எழுதிக்கோ."

அதிகாரியின் நாட்குறிப்பில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
மை வைக்கும் குச்சியாலேயே,
அழியாத மையில்:
அஞ்சலாட்சி. வந்தார். கேட்டார்.