நாலுமுக்கு, ஆனி மழை

கணவாய்க்கு வடக்கே பதிந்த குரலை
ஒலிபெருக்கியில் விட்டேன்:
டிக். டிக்டிக். டிக்.
ஏலச்செடி இலையில் அவள்,
கட்டைவிரல் நகத்தளவு,
அசையவில்லை.

தெற்குக் குரலைப் போட்டதும்
இரண்டே தாவலில்
ஒலிபெருக்கிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான கேக்கு?”
காலில் அட்டைக்கு உப்புத் தேய்த்தபடி மந்திரமூர்த்தி.

ஒரு டிக் கூடுதல், அவ்வளவுதான்.
அந்த ஒன்றை நடுவில் நுழைக்கச்
செங்கோட்டைப் பக்கம் மலை குனிந்து
தவளை தாண்டமுடியாத வெயிலாகக் கிடந்தது
எத்தனை லட்சம் ஆனி.

கூடிப் பெற வேண்டும்,
பெற்றதும் பெற வேண்டும்:
பாடநூலில் ஒன்றரை வரி.
என் புட்டிகளில் ஊறும் இரண்டும்
இனி எதையும் பெறப்போவதில்லை;
அளவுகோலுக்கு ஒரே நீளம்.

மூன்றாம் இரவு, மூன்றரை மணி.
வடக்குக் குரலுக்கு ஒருத்தி
பாதி திரும்பினாள்.
மூச்சைப் பிடித்துக்கொண்டோம்.
தொண்டை இரண்டு முறை துடித்தது.
அப்புறம் மழை வலுத்துவிட்டது.

படிவத்தில் ‘இனம்’ என்ற கட்டத்தில்
பென்சிலை வைத்தேன், எடுத்துவிட்டேன்.
“பேரு எழுதலையாம்மா?”
“அவ பாதிதான திரும்பியிருக்கா, அண்ணாச்சி.”