பனி – 2

ஆடியில் முகூர்த்தம் இல்லை.
அதனால்தான் மன்னார்குடி கல்யாண மண்டபம்
மூன்று நாள் கம்ப்யூட்டர்காரர்களுக்குக் கிடைத்தது.
மணவறையில் ஜோடி ஜோடியாக மானிட்டர்கள்.
வாழைமரம் கட்டும் தூணில் விலைப்பட்டியல்.
நாதஸ்வரக்காரர் உட்காரும் இடத்தில்
ஒரு பிரிண்டர் விடாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

எபனேசருக்கு மட்டும் பந்திக்கூடத்தின் கடைசி,
கைகழுவும் தொட்டி ஓரம், இலை போடும் மேஜை.
பாலித்தீன் உறைகளில் சிடிக்கள்,
மேலே ஊதா மையில் அவர் கையெழுத்து.
கார் பந்தயம் நாற்பது, கிரிக்கெட் ஐம்பது,
யாரும் கேட்காதது இருபத்தைந்து.
என்னிடம் இருபத்தெட்டு இருந்தது.
‘பனி – 2’ என்று எழுதியதை எடுத்தேன்.
‘ஒண்ணு எங்கே?’
‘கும்பகோணத்துல வித்துப்போச்சு பாப்பா.’
மிச்சம் மூன்று ரூபாய், பஸ்ஸுக்கு.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது.
ஹபீபாவின் மாமா கணக்கெழுதும் அரவை மில்லில் ஒன்று,
ஞாயிற்றுக்கிழமை, மிஷின் ஓடாத நேரம்.
விசைகளின் இடுக்கில் தவிடு,
திரையில் பனி.
நெற்கதிர் நுனியில் நிற்பதையே
பனி என்று அறிந்திருந்த எங்களுக்கு
அது உமி கொட்டுவதுபோலத்தான் இருந்தது.

நீலப் பையோடு ஒரு தபால்காரன்.
கதவு கதவாகத் தட்டவேண்டும்.
திறப்பவர்கள் ஏதோ கேட்பார்கள்,
எந்த நாட்டு எழுத்தோ அது,
ஒன்று நாற்காலி, ஒன்று கவிழ்த்த ஏணி.
மூன்று பதிலில் ஒன்றைச் சொல்லவேண்டும்.
தப்பானால் கதவு முகத்தில் அறையும்.
சரியானால் ஆவி பறக்கும் ஒரு கிண்ணம் தருவார்கள்.
ஹபீபா கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள்:
‘நாற்காலி, ஏணி, இரண்டு முட்டை = கிழவிக்குப் பிடிக்கும்.’
அந்தப் பாஷையில் எங்களுக்குத் தெரிந்தவை பதினொரு சொற்கள்.
அர்த்தம் ஒன்றுக்கும் தெரியாது.

ஏழாவது ஞாயிறு
தபால்காரன் ஒரு பாலத்தில் கால் வைத்தான்.
கால் வைத்தபடியே நின்றான்.
டிரைவ் பெருமூச்சு விட்டது.
துணியால் துடைத்தோம், ஊதினோம்,
ஹபீபா ஏதோ ஓதிக்கூடப் பார்த்தாள்.
அவன் தூக்கிய கால் தூக்கியபடி.

அடுத்த ஆடி.
பாமணியில் நுங்கும் நுரையுமாகத் தண்ணீர்.
சிடியோடு போய்ச் சண்டைக்கு நின்றேன்.
‘பாலத்துக்கு அந்தப் பக்கம் என்ன?’
எபனேசர் குரலைத் தாழ்த்தினார்:
‘நான் ஒண்ணும் விளையாண்டதில்ல பாப்பா.
எங்கிட்ட கம்ப்யூட்டரே கிடையாது.
உள்ள என்னதான் இருக்கு, சொல்லேன்.’
சொன்னேன்.
பையின் நீலம், கிண்ணத்தின் ஆவி,
அறையும் கதவு, பதினொரு சொற்கள்.
நின்றவர்கள் கிரிக்கெட்டைக் கேட்டுச் சலித்துப் போனார்கள்.
அவர் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.

மறுநாளும் போனேன்.
சட்டையில் பேனா செருகிய ஒரு பையனிடம்
கைகளை விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்:
‘பாலத்தைத் தாண்டினா ஒரு ஊரு தம்பி.
ஆறு கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கும்.
அதுக்கு மேலயே சந்தை போட்டிருப்பாங்க.
தபால்காரனுக்கே அங்க ஒரு கடுதாசி காத்திருக்கும்.’
பையன் காசை எண்ணினான்.
தூணுக்குப் பின்னால் நின்று கேட்ட நானும்
என் காசை எண்ணினேன்.

பொய் என்று தெரியும்.
அதே கீறலின் நகல் என்றும் தெரியும்.
அந்த ஞாயிறு தபால்காரன்
அதே பாலத்தில் அதே காலைத் தூக்கினான்.
ஹபீபா என்னைப் பார்த்தாள்.
நான் திரையை அணைக்காமல்
அந்தச் சந்தையை அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்,
எபனேசர் சொல்லாத ஒரு மீன்கடையையும் சேர்த்து.

மூன்றாம் ஆடியில் மண்டபத்தில் சேலைத் தள்ளுபடி.
காவலாளிக்கு எந்தக் கம்ப்யூட்டரும் நினைவில்லை.
கைகழுவும் தொட்டியில் குழாய் மட்டும்
சொட்டிக்கொண்டிருந்தது. இறுக மூடினேன்.

ஹபீபா இப்போது சிங்கப்பூரில்.
போன வாரம் குரல் செய்தியில் கேட்டாள்:
‘அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருந்துச்சுடி?’
இன்னும் பதில் அனுப்பவில்லை.
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.