செயப்பாட்டு வினை

கோணேசபுரி வளாகத்தில் பதினொரு பேர் படித்தோம்,
ஆங்கிலம், சிறப்புக் கலை.
கடற்காற்று மண்டபத்துக்குள் புகுந்தால்
செருப்பைக் கழற்றித் தாள்களின் மேல் வைப்போம்.
பனி பொழியும் கவிதைகளுக்கு
வியர்த்து வியர்த்துக் குறிப்பெழுதினோம்.

இப்போது
துவாரகன் திமிங்கிலம் காட்டுகிறான்.
நிலாவெளியில் விடிய ஐந்தரைக்குப் படகு.
வலப்பக்கம் பாருங்கள் என்பான் வெள்ளைக்காரரிடம்,
அது இடப்பக்கம் எழுந்து மூச்சுவிட்டுப் போகும்.
ஒன்றுமே எழாத நாளில் மன்னிப்புக் கேட்க
ஏழு விதமான வாக்கியம் வைத்திருக்கிறான்.
அதில் மூன்று
இறுதியாண்டில் படித்த ஒரு துன்பியல் நாடகத்தின் சாயல்.

றிஸ்மியா மூதூரில் ஆறாம் வகுப்புக்கு.
ஆங்கிலத்தோடு மனையியலும் தந்திருக்கிறார்கள்,
வியாழக்கிழமைகளில் கரப்பந்தாட்டமும்.

பவிசங்கர் சீனன்குடா மாவு ஆலையில்
கோதுமைக் கப்பல்களுக்கு மின்னஞ்சல் எழுதுகிறான்.
'இத்துடன் இணைக்கப்பட்டுள்ளதைக் காண்க.'
தான் எழுதிவரும் தொடர்கதை அது ஒன்றுதான் என்பான்.

அனுசியா அபிவிருத்தி உத்தியோகத்தர்.
எதை அபிவிருத்தி செய்வதென்று
நாலு வருடமாக ஒருவரும் சொல்லவில்லை.
ஒரு கதிரை, அரை மேசை,
மின்விசிறி பக்கத்து மேசைக்காரருக்கு.

ஒருத்தி திருமண அழைப்பிதழில்
பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போட்டு
பட்டத்தை அதற்குள் குடிவைத்தாள்.
கேதீஸ் கனடாவில்.
என்ன வேலை என்று கேட்டால்
அங்கே இப்ப என்ன நேரம் என்று கேட்பான்.

அதற்கு முன்னால்
கச்சேரி வாசலில் முப்பத்தெட்டு நாள் குந்தியிருந்தோம்.
வேலையற்ற பட்டதாரிகள்.
ஆங்கிலப் பதாகையில் ஓர் 'எஸ்' அதிகம்.
அடித்தவர் கணக்கியல் பட்டதாரி.
வெய்யிலில் நாங்கள் நாலு பேர் அதைப் பற்றி
ஒரு மணித்தியாலம் வாதாடினோம்,
பேனையால் சுரண்டினோம்.
மாலையில் தொலைக்காட்சிக்காரர் வந்து
பதாகையின் முதுகைப் படமெடுத்துப் போனார்.

இன்னொரு நாள் பஸ் நிலையத்தில்
விண்ணப்பத்தோடு வைத்திருந்த சான்றிதழ் நகலை
ஒரு புள்ளிமான் தின்றது.
வாழைப்பழத் தோல் காலடியில் கிடக்க
அது என் பையைத்தான் தேடி வந்தது.
பெறுபேறு எழுதிய மூலையில் தொடங்கி
துணைவேந்தரின் கையெழுத்தில் நிறுத்தியது.
பக்கத்தில் நின்ற நடத்துநர் சொன்னார்,
உங்கட பட்டத்தால ஒருத்தருக்காவது பசியாறுது தங்கச்சி.
சிரிக்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.
பிறகு பஸ்ஸில்தான் அழுதேன்.

இப்போது எனக்கு
நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு கதவு அகலத்தில் கடை.
பிறப்பு, இறப்பு, காணி உறுதி.
பக்கத்துக்கு அறுநூறு ரூபாய்,
முத்திரை தனி.
செய்தவரைச் சொல்லத் தேவையில்லாத இடத்தில்
செயப்பாட்டு வினை வரும் என்று
இரண்டாம் ஆண்டில் படித்தது இங்கேதான் விளங்கியது.
நிராகரிக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது.
கையகப்படுத்தப்பட்டது.
இந்தக் கோப்புகளில் எல்லாமே
தானாக நடந்திருக்கிறது, மழை மாதிரி.

நேற்று கிண்ணியாவிலிருந்து ஒரு பையன்.
தலைக்கவசத்தைக் கழற்றவில்லை, அப்படியே இருந்தான்.
தூதரகத்துக்கு ஒரு கடிதம் வேணுமாம்.
எங்கட தாத்தாவுக்குப் பதினாலு மாசமாச் சம்பளம் குடுக்கல்ல.
குடுக்காதது யார்?
அந்த வீட்டு ஆள்தான்.
அவருக்குப் பெயர் இருக்குமே.
கைபேசியில் அக்காவின் குரற்பதிவைத் தேடினான்.
குசினிக்குள் நின்று இரகசியமாகப் பேசிய குரல்,
பின்னால் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.
பெயர் வந்த இடத்தை ஐந்து தரம் கேட்டோம்.
எழுத்துக் கூட்டினோம்.

'சம்பளம் வழங்கப்படவில்லை' என்று
முன்பே தட்டியிருந்த வரியை அழித்தேன்.
அந்தப் பெயரைத் தூக்கி
வாக்கியத்தின் தலையில் வைத்தேன்.
எழுவாய்.
அதற்குப் பிறகு மற்றச் சொற்கள்
வரிசையில் வந்து நின்றன.

பையன் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
இது நல்ல இங்கிலீஷா, மிஸ்?

இரண்டாம் வகுப்பு, கீழ்ப்பிரிவு என்றேன்.
விளங்காமல் தலையாட்டி
ஐந்நூறும் ஒரு நூறுமாக எடுத்து வைத்தான்.